கொடுத்தது கைமாறியதா? செல்வர்களின் சொத்துத் திட்டங்களும் அவற்றின் வரம்புகளும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

உஹதுப் போரில் ஷஹீதானவர்களுள் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களும் ஒருவர். அவர்கள் ஒரு மனைவியையும் இரு பெண்மக்களையும் விட்டுச் சென்றார்கள். அக்கால அரபு வழக்கப்படி அவர்களுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பெண்மக்களுக்கு மணமுடிக்கக் கையில் ஒன்றுமில்லாத நிலையில் அந்தத் தாய் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். அதன் பின்னரே வாரிசுரிமை வசனம் இறங்கியது என்று திர்மிதீ, அபூதாவூத் முதலிய ஹதீஸ் தொகுப்புகள் கூறுகின்றன. பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரு பங்கு, தாயாருக்கு எட்டில் ஒரு பங்கு, எஞ்சியது சகோதரருக்கு என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

அன்று அந்தக் குடும்பத்தின் சொத்து கண்ணுக்குத் தெரியக்கூடியதாய் இருந்தது. இன்று நம் வீடுகளில் உள்ள செல்வத்தின் பெரும்பகுதி காகிதத்தில் இருக்கிறது. சேமநல நிதி, பணிக்கொடை, காப்பீடு, பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட், கூட்டு வங்கிக் கணக்கு எனப் பல பெயர்களில் அது பிரிந்து கிடக்கிறது. வசதி படைத்த ஒரு கணவனும் மனைவியும் ஓய்வுக்காலத்தை எண்ணி உட்கார்ந்தால் மூன்று கேள்விகள் எழுகின்றன. எவ்வளவு சேர்த்து வைக்கலாம்? அதில் வரி எவ்வளவு? நமக்குப் பின் யாருக்கு?

இம்மூன்று கேள்விகளுக்கும் நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. நீதிமன்றங்களும் வரிச் சட்டங்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வரம்புகளை விதித்தன. பிறகு அவற்றுள் சிலவற்றை நீக்கின. ஆனால் அவை அனைத்தும் செல்வரைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீர் கொடுத்துவிட்டதாகச் சொல்லும் பொருள் உண்மையில் உமது கையைவிட்டுப் போயிற்றா? நம் ஃபிக்ஹு அறிஞர்கள் அதே கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். அந்த வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

மூன்றில் ஒன்று என்னும் வரம்பு

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றுக் கிடந்தபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். தமக்குச் செல்வம் மிகுதி, வாரிசாக ஒரு மகள் மட்டுமே என்று கூறிய ஸஅத் (ரலி) அவர்கள், சொத்தில் மூன்றில் இரு பங்கைத் தர்மம் செய்துவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். பாதியை? அதுவும் வேண்டாம். மூன்றில் ஒன்று? அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதுவே அதிகம் என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. வாரிசுகளை மக்களிடம் கையேந்துபவர்களாக விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவுடன் விட்டுச் செல்வதே மேல் என்பது அந்த ஹதீஸின் கருத்து.

வஸிய்யத்துக்கு உரிய இந்த மூன்றில் ஒரு பங்கு வரம்பு இன்றளவும் மாறவில்லை. அந்த வரம்புக்குள்ளும், வாரிசாக வருபவருக்கு வஸிய்யத் செய்தால் ஏனைய வாரிசுகளின் சம்மதம் தேவை என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய நம் இரு மத்ஹபுகளிலும் அறியப்பட்ட சட்டம்.

இந்நிகழ்வுக்குப் பின்னுரை ஒன்றும் உண்டு. மரணத்தை எதிர்பார்த்துத் திட்டமிட்ட ஸஅத் (ரலி) அவர்கள் அந்நோயிலிருந்து குணமடைந்தார்கள். காதிஸிய்யாவில் படைத்தலைமை ஏற்றார்கள். பல ஆண்டுகள் வாழ்ந்து பல பிள்ளைகளைப் பெற்றார்கள். ஒரே வாரிசு என்று எண்ணி அன்றே சொத்தைத் தீர்த்திருந்தால் பின்னர் பிறந்த பிள்ளைகளின் நிலை என்னவாகியிருக்கும்? மனிதன் போடும் கணக்கு எத்துணை குறுகியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வஸிய்யத்துக்கு வரம்பு இருக்கிறதென்றால், உயிரோடிருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஃபிக்ஹு அறிஞர்கள் அந்த வழியை அடைக்கவில்லை. ஆனால் வாயிலில் காவல் வைத்தார்கள். ஹிபா நிறைவேற மூன்று வேண்டும்: கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, பொருளைக் கைவசம் ஒப்படைத்தல். ஒப்படைக்காத அன்பளிப்பு வாக்குறுதியாகவே நிற்கும். மரண நோயில் கிடப்பவர் கொடுக்கும் அன்பளிப்போ வஸிய்யத்தின் வரம்புக்குள் வந்துவிடும். மகன் நுஃமானுக்கு மட்டும் அன்பளிப்புச் செய்து அதற்குச் சாட்சியாக இருக்கும்படி வேண்டிய பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், இல்லை என்று அறிந்ததும் சாட்சியாக இருக்க மறுத்ததும் நாம் அறிந்தவையே.

கைபரின் நிலமும் குடும்ப வக்ஃபும்

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக்கும்படி வழிகாட்டப்பட்டது. அந்நிலம் விற்கப்படவோ, அன்பளிப்பாக அளிக்கப்படவோ, வாரிசுரிமையாகப் பிரிக்கப்படவோ கூடாது. அதன் பயன் ஏழைகளுக்கும், உறவினருக்கும், வழிப்போக்கருக்கும், விருந்தினருக்கும் சேரும். வக்ஃபுச் சட்டத்தின் வேர் இதுவே.

பயனாளிகள் வரிசையில் உறவினரும் இருந்ததால், தம் பிள்ளைகளுக்கும் வழித்தோன்றல்களுக்குமென வக்ஃபு செய்யும் வழக்கம் வளர்ந்தது. அதுவே வக்ஃப் அலல் அவ்லாத், அதாவது குடும்ப வக்ஃபு. தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் பயன்பெற்று, வழித்தோன்றல் அற்றுப்போனால் ஏழைகளைச் சென்றடையும் ஏற்பாடு அது. தொடக்கத்திலிருந்தே இதில் கருத்து வேறுபாடும் இருந்தது. அல்லாஹ் விதித்த பங்குகளைத் தடுக்கும் வகையில் சொத்தை நிறுத்திவைப்பதைக் கூஃபாவின் காழி ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் ஏற்கவில்லை என்று ஃபிக்ஹு நூல்கள் குறிப்பிடுகின்றன. பெரும்பான்மை அறிஞர்கள் அனுமதித்தார்கள். நோக்கம் வாரிசுகளை வஞ்சிப்பதாக இருக்கலாகாது என்று எச்சரித்தார்கள்.

1894: இலண்டனில் ஒரு தீர்ப்பு

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தக் குடும்ப வக்ஃபு பெரும் வழக்குப் பொருளாயிற்று. வங்காளத்தைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரர் இருவர் தம் சொத்தைத் தம் பிள்ளைகளுக்கும் வழித்தோன்றல்களுக்கும் என்றும், அவர்கள் யாருமில்லாத காலத்தில் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் என்றும் வக்ஃபு செய்திருந்தனர். அபுல் ஃபதா முஹம்மது இஸ்ஹாக் வழக்கு என அறியப்படும் அது இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1894-ஆம் ஆண்டு அந்த வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஏழைகளுக்கென வைத்த பங்கு எப்போதோ ஒரு காலத்தில், குடும்பமே அற்றுப்போன பின் கிடைக்கக்கூடியது. ஆகவே அது வெறும் தோற்றமே என்பது ஹாப்ஹவுஸ் பிரபு எழுதிய தீர்ப்பின் சாரம். பொருள் குடும்பத்தின் கையைவிட்டுப் போகவே இல்லை என்று நீதிமன்றம் கருதியது.

முஸ்லிம் சமுதாயம் இதனைத் தன் சட்டத்தின்மேல் விழுந்த அடியாக உணர்ந்தது. தன் குடும்பத்தைப் பேணுவதும் இஸ்லாத்தில் தர்மமே. ஆங்கிலேயரின் அறக்கொடை இலக்கணத்தை வைத்து வக்ஃபை அளப்பது தவறு என்ற கருத்தைக் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஸையித் அமீர் அலி முன்னரே வலியுறுத்தியிருந்தார். அவரே 1909-இல் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவில் அமர்ந்த முதல் இந்தியரானார். மௌலானா ஷிப்லி நுஃமானி (ரஹ்) அவர்கள் ஆலிம்களின் ஆதரவைத் திரட்டினார்கள். முஹம்மது அலி ஜின்னா 1911-இல் ஏகாதிபத்தியச் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். அது 1913-இல் முஸல்மான் வக்ஃபு செல்லுபடிச் சட்டமாக நிறைவேறியது. இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான மார்க்க அறப்பணிக்கோ ஒதுக்கப்பட்டிருந்தால் குடும்ப வக்ஃபு செல்லும் என்று அச்சட்டம் கூறியது. சட்டம் வருவதற்கு முன் செய்யப்பட்ட வக்ஃபுகளுக்கு அது பொருந்தாது என்று 1922-இல் பிரிவி கவுன்சில் கூறவே, 1930-இல் மற்றொரு சட்டம் இயற்றி அந்தக் குறையும் நீக்கப்பட்டது.

இது நம் முன்னோர் பெற்ற வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் குடும்ப வக்ஃபு எல்லா இடங்களிலும் நல்ல நோக்கத்தோடு மட்டுமே பயன்பட்டது என்று சொல்வதற்கில்லை. பெண்மக்களின் பங்கை ஒதுக்கிவிட்டு ஆண் வழிக்கு மட்டும் சொத்தைக் கட்டிவைக்க அதனைக் கருவியாக்கியோர் உண்டு. முஸ்லிம் நாடுகளிலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. சிரியா 1949-இலும் எகிப்து 1952-இலும் குடும்ப வக்ஃபை ஒழித்தன. நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டு வக்ஃபுத் திருத்தச் சட்டம், வக்ஃப் அலல் அவ்லாத் ஏற்படுத்துவதால் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் வாரிசுரிமை மறுக்கப்படலாகாது என்கிறது. அச்சட்டத்தின் ஏனைய பிரிவுகள் பற்றி சமுதாயத்தில் கடும் எதிர்ப்பு இருப்பது உண்மை. ஆயினும் பெண்மக்களின் பங்கை மறுக்கலாகாது என்பதை நமக்குச் சொல்ல எந்தச் சட்டமன்றமும் தேவைப்பட்டிருக்கலாகாது.

தமிழகத்தின் நிலையையும் இங்கே கருத வேண்டும். 1873-ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டப்படி, முஸ்லிம்களின் வாரிசுரிமை வழக்குகளில் முஸ்லிம் சட்டத்தோடு சட்ட வலிமை பெற்ற ஊர் வழக்கத்துக்கும் இடமிருந்தது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் அந்த வழக்கங்களை நீக்கி ஷரீஅத்தை முன்னிறுத்தியது. ஆனால் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. செல்வம் நிலமாகவே இருந்த காலத்தில் அது பெரிய விதிவிலக்கு. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் கொண்டுவந்து விவசாய நிலத்தையும் ஷரீஅத் சட்டத்துக்குள் சேர்த்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலோ பெண்ணுக்கு மணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவிவருகிறது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, பெண் குடியேறி வாழும்படி, கண்ணெதிரே கைமாறும் கொடை அது. பிற பிள்ளைகளோடு நீதம் பேணப்படும்வரை, ஹிபாவின் நிபந்தனைகள் நிறைவேறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடையே இல்லை.

மரண வரி வந்ததும் போனதும்

பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை வழங்கிய அதே 1894-இல் பிரிட்டனில் வில்லியம் ஹார்கோர்ட் எஸ்டேட் டியூட்டி என்னும் வரியைக் கொண்டுவந்தார். ஒருவர் இறந்ததும் அவருடைய சொத்தின்மேல் விழும் வரி அது. மக்கள் அதனை மரண வரி என்றே அழைத்தனர். சுதந்திர இந்தியா அதே வடிவத்தைப் பின்பற்றி, சி.டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்த 1953-இல் எஸ்டேட் டியூட்டிச் சட்டத்தை இயற்றியது. தொடக்கத்தில் பொதுவாக 1 லட்சம் ரூபாய்வரை வரியில்லை. உச்ச விகிதம் 40 விழுக்காடு. 1966 முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 85 விழுக்காடு என அது உயர்ந்தது.

வரி உயர்ந்தால் வழி தேடுவோரும் பெருகுவர். இறப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் எழுதிவைத்துவிடலாமே என்று பலரும் எண்ணினர். சட்டம் அதனை எதிர்பார்த்திருந்தது. இறப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்த அன்பளிப்பு இறந்தவரின் சொத்தாகவே கணக்கிடப்பட்டது. பொது அறப்பணிக்குக் கொடுத்ததாயின் அக்காலம் ஆறு மாதம். அதற்கு முன்னரே கொடுத்திருந்தாலும், கொடுத்தவர் அப்பொருளிலிருந்து முற்றிலும் விலகியிருக்க வேண்டும். எழுதிக்கொடுத்த வீட்டின் வாடகையைத் தாமே வாங்கிக்கொண்டிருந்தால் அது அவருடைய சொத்தே. பிரிட்டனில் இன்று அந்தக் காலவரம்பு ஏழு ஆண்டுகள்.

மரண நோயில் கொடுத்தது வஸிய்யத்தாகும் என்ற ஃபிக்ஹு விதியையும், ஒப்படைக்காத ஹிபா நிறைவேறாது என்ற விதியையும் இவற்றின் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மனித இயல்பைக் கண்டு எழுந்தவை. வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. வரிச்சட்டம் அரசின் பங்கைக் காக்கிறது. ஷரீஅத் வாரிசின் பங்கைக் காக்கிறது.

1956-இல் இந்தியா வந்த பிரிட்டிஷ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோர் தந்த பரிந்துரைகளின் வழியில் மேலும் சில வரிகள் வந்தன. டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957-இல் செல்வ வரி வந்தது. 1958-இல் அன்பளிப்பு வரி வந்தது. ஆக, செல்வத்தை வைத்திருந்தாலும், கொடுத்தாலும், விட்டு இறந்தாலும் வரி என்றாயிற்று. 1985-இல் வி.பி. சிங் எஸ்டேட் டியூட்டியை நீக்கினார். ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாயே வருவாய், வசூலிக்கும் செலவோ அதிகம், ஒரே சொத்துக்குச் செல்வ வரியும் மரண வரியும் என இரட்டைச் சுமை என்பன அவர் கூறிய காரணங்கள். 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு அவ்வரி இல்லை. ராஜா செல்லையா குழுவின் பரிந்துரைப்படி 1993 முதல் பங்குகள் முதலியவை செல்வ வரியிலிருந்து விலக்கப்பட்டன. அன்பளிப்பு வரி 1998-இல் நீங்கியது. 30 லட்சத்துக்கு மேல் 1 விழுக்காடாக எஞ்சியிருந்த செல்வ வரியும் 2015-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையோடு முடிவுக்கு வந்தது.

எனவே இன்று இந்தியாவில் ஒருவர் விட்டுச் செல்லும் சொத்துக்கு மரண வரி இல்லை. இதிலிருந்து நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. வரிக்கு அஞ்சியே மகன் பெயரில் எழுதினேன் என்று சொல்ல முன்பு ஒரு சாக்கு இருந்தது. இப்போது அந்தச் சாக்கும் இல்லை. இன்று ஒருவர் சொத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினால், ஒதுக்கப்படுவது அரசின் பங்கன்று. ஒரு மகளின் பங்கோ, முதிய தாயின் பங்கோதான்.

கணவனும் மனைவியும்: ஒரே பையா, இரு பைகளா?

இந்து கூட்டுக் குடும்பம் என்னும் தனி வரி அலகு முஸ்லிம்களுக்கு இல்லை. அதனால் வருமானத்தைப் பகிர்ந்து வரியைக் குறைக்க விரும்பிய முஸ்லிம் செல்வருக்கு மனைவியின் பெயரே அருகில் இருந்த வழி. இவ்வழியை எல்லாச் சமயத்தாரும் பயன்படுத்தினர். 1936-ஆம் ஆண்டின் வருமான வரி விசாரணைக் குழு இதனைச் சுட்டிக்காட்ட, 1937-இல் சட்டம் திருத்தப்பட்டது. தக்க ஈடு பெறாமல் மனைவிக்கு மாற்றிய சொத்தின் வருமானம் கணவனின் வருமானத்தோடு சேர்க்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டின் சட்டத்தில் இது 64-ஆம் பிரிவாக அமைந்தது. அது கணவன், மனைவி இருவருக்கும் பொருந்தும். மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு இன்று வரி இல்லை. ஆனால் அதிலிருந்து வரும் வருமானம் கொடுத்தவரின் கணக்கில் சேரும்.

வரிச்சட்டம் இருவரையும் ஒரே பையாகக் கருத முனைகிறது. ஷரீஅத்தோ இருவரையும் தொடக்கம் முதல் இரு பைகளாகவே வைத்திருக்கிறது. மஹர் மனைவியுடையது. அவளுடைய நகை அவளுடையது. அவளுடைய ஊதியம் அவளுடையது. கணவன் அவளுடைய நகையை அடகு வைத்துக் கடை தொடங்கினால் அது அவனுடைய கடன். மஹர் கொடுபடாமல் இருந்தால் அதுவும் கடன். கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பின்னரே பங்கு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்கள் கூறுகின்றன. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று மட்டுமா என்று கேட்போர், அந்த எட்டில் ஒன்றுக்கு முன்பாக அவளுக்குச் சேர வேண்டிய கடன்கள் எத்தனை என்று கேட்பதில்லை. இரு பைகளையும் கலந்து வைத்துவிட்டு, இறந்த பின் எல்லாவற்றையும் கணவனின் சொத்தாகப் பிரிப்பதில்தான் அநீதி நுழைகிறது.

மனைவிக்கு வீட்டைக் கொடுக்க விரும்பினால் ஹிபாவுக்கு வழி திறந்தே இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 129-ஆம் பிரிவு முஸ்லிம் சட்டப்படியான அன்பளிப்புக்கு விலக்கு அளித்துள்ளது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழும்போது, கணவன் வீட்டை விட்டு வெளியேறினால்தான் ஒப்படைப்பு நிகழ்ந்ததாகும் என்று நீதிமன்றங்கள் வற்புறுத்துவதில்லை. ஆயினும் வரிக்காகப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, வாடகையும் சாவியும் முடிவும் தம்மிடமே இருக்கட்டும் என எண்ணுவோர் கொடுத்தவர் ஆகமாட்டார்கள்.

ஓய்வுக்காலச் சேமிப்பும் நாமினி என்ற சொல்லும்

ஊழியர் சேமநல நிதி 1952-இல் சட்டமானது. பொதுச் சேமநல நிதி 1968-இல் வந்தது. ஓய்வுக்காலத்துக்கெனச் சேமிக்க அரசு வரிச்சலுகை அளித்தது. சலுகை இருந்த இடத்துக்குப் பெருஞ்செல்வரும் வந்தனர். ஆகவே அரசு வரம்பு கட்டியது. பொதுச் சேமநல நிதியில் ஆண்டுக்கு 1.5 லட்சம் என்பது 2014 முதல் உச்சவரம்பு. சேமநல நிதி, தேசிய ஓய்வூதியத் திட்டம், பணிமூப்பு நிதி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து முதலாளி செலுத்தும் தொகை ஆண்டுக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால், மிகைக்கு 2020 முதல் வரி உண்டு. ஊழியர் தம் பங்காக 2.5 லட்சத்துக்கு மேல் செலுத்தினால், அந்த மிகையின் வட்டிக்கு 2021 முதல் வரி உண்டு. இந்நிதிகளில் சேரும் வட்டியின் மார்க்கச் சட்டம் தனியே ஆராயத்தக்கது. அதனை நம் ஆலிம்களிடம் கேட்டு அறிக.

ஆனால் நம் குடும்பங்களில் பெரும் தவறு நிகழ்வது வரம்பில் அன்று. நாமினி என்னும் கட்டத்தில். படிவத்தில் மனைவியின் பெயரையோ மூத்த மகனின் பெயரையோ எழுதியதும், சொத்து அவருக்கே என்று பலர் எண்ணிவிடுகின்றனர். 1983-இல் சர்பதி தேவி வழக்கில் உச்சநீதிமன்றம், காப்பீட்டின் நாமினி தொகையைப் பெற்றுக்கொள்ள மட்டுமே உரியவர். தொகை வாரிசுகளுக்கே உரியது என்று தெளிவாக்கியது. 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில், நிறுவனப் பங்குகளின் நாமினியும் முழு உரிமையாளர் ஆகார் என்று கூறியது. 2015-ஆம் ஆண்டின் காப்பீட்டுத் திருத்தமோ, பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பயனுரிமையே அவர்களுக்கு என்கிறது. சட்டம் இவ்வாறு இடத்துக்கு இடம் மாறலாம். ஒரு முஸ்லிமின் மனசாட்சிக்கு நாமினி என்பவர் அமானிதம் சுமப்பவர், அவ்வளவே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கடன் யாவும் தீர்ந்தபின் ஒருவர் 96 லட்சம் விட்டுச் செல்கிறார். தந்தை இல்லை. தாய், மனைவி, ஒரு மகன், இரு பெண்மக்கள் உள்ளனர். மனைவிக்கு எட்டில் ஒன்று, 12 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 16 லட்சம். எஞ்சிய 68 லட்சத்தில் மகனுக்கு 34, பெண்மக்களுக்குத் தலா 17. தொகை முழுவதும் நாமினியான மனைவியின் கணக்கில் வந்து சேர, அவர் அதனைத் தமதென்று வைத்துக்கொண்டால், மாமியாரின் 16 லட்சம் எங்கே போயிற்று? மூத்த மகன் நாமினியாக இருந்து வாய் திறக்காமல் இருந்தால், தங்கைகளின் 34 லட்சம் எங்கே போயிற்று? பெரும்பாலும் இங்கே களவு நிகழ்வதில்லை. ஒருவரும் கேட்காததால் ஒருவரும் கொடுப்பதில்லை. மனைவி முந்திக்கொண்டால் கணவனுக்கும் அவளுடைய பெற்றோருக்கும் அவளுடைய சொத்தில் பங்குண்டு என்பதையும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

நாம் செய்யத்தக்கவை

நூற்றாண்டுக்கும் மேலான இவ்வரலாற்றில் வரிகள் வந்தன, போயின. 85 விழுக்காடு என்றார்கள். பிறகு ஒன்றுமில்லை என்றார்கள். நாளை மீண்டும் வரலாம். அரசின் வரம்பை மதித்து, உரிய வரியைச் செலுத்தி, சட்டம் தரும் சலுகையைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் நம் திட்டத்தின் அடித்தளமாக ஆண்டுதோறும் மாறும் எண்களை வைக்க இயலாது.

கணவனும் மனைவியும் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே ஒரு மாலை அமர்ந்து எழுதிவைக்க வேண்டியவை சில உள்ளன. எது யாருடையது? கூட்டாக வாங்கிய வீட்டில் யாருடைய பணம் எவ்வளவு? மஹரில் நிலுவை உண்டா? மனைவியின் நகை எங்கே போயிற்று? எந்தக் கணக்குக்கு யார் நாமினி, அவர் அதனை யாருக்காகப் பெறுகிறார்? மூன்றில் ஒரு பங்குக்குள் எந்த நற்பணிக்கு வஸிய்யத்? அன்பளிப்புக் கொடுப்பதாயின், பிள்ளைகளிடையே நீதமாக, கையோடு கொடுத்துவிடுவது நல்லது. வஸிய்யத் செய்யத்தக்க பொருள் உடையவர் அதனை எழுதிவைக்காமல் இரு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற நபிமொழி ஓய்வு பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. சொத்து அதிகமெனில் ஆலிம் ஒருவரையும் வரி அறிந்த கணக்காயர் ஒருவரையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரியாமல் போனால் இடையில் வாரிசின் பங்கு விழுந்துவிடும்.

உஹதுக்குப் பின் அந்தத் தாய் இரு பெண்மக்களின் கையைப் பிடித்துக்கொண்டு முறையிட வேண்டியிருந்தது. அன்று இறங்கிய வசனம் இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நமக்குப் பின் நம் வீட்டுப் பெண்கள் எந்த ஜமாஅத் அலுவலகத்தின் வாயிலிலும், எந்த நீதிமன்றத்தின் படியிலும் நிற்க வேண்டிய நிலையை நாம் உண்டாக்கலாகாது.

அல்லாஹ் நமக்கு ஹலாலான செல்வத்தையும், அதனை உரியவரிடம் சேர்க்கும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.